தோலுக்குப் பேர் எதற்கு?

தோலில் ஒரு தடவை ஊசி ஏறிவிட்டால் அந்த ஓட்டை மூடாது. துணி மாதிரி பிரித்துத் தைக்கிற சங்கதியெல்லாம் எங்கள் தொழிலில் இல்லை. என் மனசும் அதே சரக்குதான். விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் பாதி ஆயுசு உட்கார்ந்து தைத்தேன். எல்லா ஜோடியிலும் கடைப் பேர் இருக்கும். ஒரே ஒரு ஜோடியில், அதுவும் குதிகால் மறைக்கிற இடத்தில், என் பேரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். "தோலுக்குப் பேரு எதுக்குடா?"

அன்றைக்கே எழுந்து வந்து தனியாகப் பட்டறை போட்டேன். தான் செய்ததற்கு வேறு ஆள் பேர் வாங்குவதைப் பார்த்து வயிறு எரிந்த தையல்காரர்களே, தச்சர்களே, சமையல்காரர்களே, இது உங்களுக்காகத்தான்.

எந்த மாட்டுக்கு?

மாட்டுக்குச் சலங்கை வார், மனுஷனுக்குப் பெல்ட், பை என்று பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து ரோஸ்லின் என்ற போட்டோகிராபர் வந்தார். நாற்பது வயசிருக்கும். கழுத்துக்கு ஒரு பட்டை, அதன் முன்னால் ஒரு வளையம், அங்கிருந்து மார்பைச் சுற்றி இடுப்பு வரை இறங்குகிற வார்கள், எல்லாம் கறுப்பில் வேண்டும் என்றார். கழுத்துப் பட்டை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "காங்கேயமா, சீமை மாடா? கழுத்து எவ்ளோ கனம் இருக்கும்?" என்று கேட்டேன். அந்தம்மா முகம் மாறவே இல்லை. "மாடு இல்லண்ணே, பொம்பள. முப்பத்தோரு வயசு. பல்லெல்லாம் சரியா இருக்குது."

அஞ்சலையின் கேள்வி

ரோஸ்லின் எதையும் மூடி மறைக்கவில்லை. "தோலும் உடம்பும் சேர்ந்தா சில பேருக்கு ஒரு கிறக்கம் வரும்ண்ணே. கட்டிவிடறவங்களும் கட்டிக்கிறவங்களும் மனசொத்துச் செய்யறது. அத அழகா படம் எடுத்துக் கண்காட்சி வெக்கறது என் வேல" என்றார். செய்கிறேன், ஆனால் படம் மாட்டுகிற சுவரில் என் பேர் இருக்க வேண்டும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஊர் என்ன சொல்லும்?

வீட்டுக்குப் போய், தயங்கித் தயங்கி என் மனைவி அஞ்சலையிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புதுத் தோலு வந்தா மோந்து மோந்து பாத்துட்டு கன்னத்துல வெச்சுத் தேச்சிக்கிறியே, அது என்ன பக்தியா?"

நாலு விரல்

மாட்டுக்குக் கழுத்து வார் தைத்தால் நாலு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு விடுவோம். இல்லாவிட்டால் மாடு குனிந்து மேய முடியாது. கை பழகிய பழக்கம், அளவெடுத்த பிறகும் அதே தளர்வை விட்டுத் தைத்துவிட்டேன். மாடலாக வந்த பெண் மேடை நாடகத்தில் நடிப்பவர். போட்டுக்கொண்டதும் பட்டை வழுக்கித் தோள் எலும்பில் போய் உட்கார்ந்தது. எனக்கு மானம் போயிற்று. அவர் உள்ளே கை விட்டு ஆட்டிப் பார்த்துச் சொன்னார்: "சார், இதுல எனக்கும் எடம் இருக்குது, என் வூட்டுக்காரருக்கும் எடம் இருக்குது."

சுருங்கிய பேர்

மறுபடி வெட்டித் தைத்தேன். பட்டையின் உள்பக்கம் என் பேரைக் குத்த ஒரு முத்திரை வேண்டும். பீங்கானுக்குப் பேர் போன நம் ஊரில் இதற்கு இரும்பைத் தேடுவானேன் என்று, பீங்கான் பொம்மை செய்கிற சேகரிடம் களிமண் வாங்கி என் பேரை நானே திருப்பி வெட்டிச் சூளையில் வைக்கக் கொடுத்தேன். ஈரத் தோலில் வைத்து அழுத்தினால் நன்றாகப் பதியும். ஆனால் வெந்து வந்ததைப் பார்த்தால் ஒரு சுற்றுச் சிறுத்து, என் பேர் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. யாரோ என் பேரை மறுபடியும் திருடிய மாதிரி கத்தினேன். அந்த வீம்பில் தீப்பெட்டி அளவுக்கு இன்னொன்று செய்தேன். அது பட்டையில் அடங்கவில்லை; பெட்டிக்குள் போட்டுவிட்டு எறும்பு வரிசையையே குத்தினேன். சேகர் சொன்னார்: "சூளைக்குப் போனா மண்ணு சுருங்கும்ண்ணே. உங்க கோவந்தான் சுருங்க மாட்டேங்குது."

வெள்ளைத் தூசி

படம் எடுத்தது மூடிக்கிடந்த ஒரு பீங்கான் கொட்டகையில். மெழுகு தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோன கறுப்புத் தோலில் வெள்ளை மண் தூசி படிந்தது. துணியோடு ஓடினேன். தொடாதீர்கள் என்று ரோஸ்லின் தடுத்துவிட்டார். அந்தப் பெண் சூளை வாய்க்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். உடைந்த ஓட்டின் வழியாக வெயில் இறங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் வார்கள் உடம்போடு சேர்ந்து ஏறி இறங்கின. தோல் மறுபடி உயிரோடு இருப்பது போலிருந்தது. என் தையல் ஒன்றுகூட விலகவில்லை.

அடுத்த நிமிஷமே பழைய எரிச்சல் கிளம்பியது. "பேரு உள்பக்கம் இருக்குதேம்மா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். அந்தப் பெண் திரும்பாமலே பதில் சொன்னார்: "எனக்குத் தெரியுதே சார், கழுத்துல அழுத்துது."

சுவர்

புதுச்சேரியில் படங்களை மாட்டினார்கள். அஞ்சலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பேர் போட மறந்திருப்பார்கள் என்று பஸ்ஸில் போகும்போதே சண்டைக்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். மூணாவது வரைதான் படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். படத்துக்குக் கீழே 'படம்: ரோஸ்லின். தோல்: கலியமூர்த்தி, விருத்தாசலம்.' இரண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்து. சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போயிற்று. அஞ்சலை விரலால் தடவிப் பார்த்தாள். "நம்ம கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இப்பதான் ஒன் பேர அச்சுல பாக்குறேன்."

பெல்ட்

படம் செல்போன் செல்போனாக ஊருக்குள் சுற்றியது. சிலர் என் பட்டறை வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர்கள் முகமெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் பழைய முதலாளியே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'டா' வரவில்லை. "எனக்கும் ஒரு பெல்ட்டு தெச்சுக் குடு கலியமூர்த்தி. ஒன் பேரப் போட்டே குடு."

பெட்டியில் கிடந்த தீப்பெட்டி முத்திரையை எடுத்து, பெல்ட்டின் வெளிப்பக்கம், அவர் தொப்புளுக்குப் பக்கத்தில் கொக்கியை ஒட்டி வரும் இடத்தில் ஆழமாகக் குத்திக் கொடுத்தேன். அவர் எப்போதும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் தெரியக் கட்டுகிறவர்.