தாழிக்குள் மொட்டைக்கறுப்பன்

இதை எழுதாமல் விடுவதென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்பில் வாத்தியார் என் கட்டுரைக் கொப்பியைப் பார்த்து, "இது கோழி கிளறினதோ?" என்று கேட்ட நாளோடு எனக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு முறிந்துவிட்டது. ஆனால் எங்கள் நூதனசாலைக்குப் பழஞ் சாமான் பார்க்க வருகிற ஆட்கள் விடுகிறார்களில்லை. மூலையில் நிற்கிற பெரிய தாழியைக் கண்டதும், அதன் உடம்பெல்லாம் ஏன் இத்தனை ஒட்டுக் கோடுகள் என்று கேட்கிறார்கள். ஒருவருக்கு யானை மிதித்தது என்றேன். இன்னொருவருக்கு, அந்தக் காலத்து ராசாவும் ராணியும் சண்டை பிடித்தபோது எறிந்தது என்றேன். போன கிழமை வந்த ஒரு ரீச்சர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே தொடங்கிவிட்டா. இனியும் பொய் சொன்னால் அது சரித்திரமாகிவிடும் என்ற பயத்தில்தான் எழுத இருக்கிறேன்.

நூதனசாலை என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். கிளிநொச்சி ஸ்டேசனிலிருந்து நடக்கிற தூரத்தில், முந்தி சீமெந்து மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு கட்டடம். வேலைக்கு நானும் என் கூட்டாளியும். அவன் நாயாற்றுப் பக்கத்துக் கடற்காரன், வேதக்காரப் பொடியன், வாய் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல் இருப்பான். எங்களுக்கு மேலே பொறுப்பாக ஒரு ஐயா.

நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. "பழஞ் சட்டிபானை கழுவுறதுக்கு அரசாங்கம் ஆள் வைக்குதோ?" என்று கேட்பா. "கழுவக் கூடாதம்மா, அதுதான் வேலை" என்பேன். உண்மையும் அதுதான். மண்ணுக்குள் கிடந்து வந்த சாமானை மெல்லிய தூரிகையால் தட்டவேண்டும். விளிம்பில் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் இரண்டு கையும் கொடுக்கவேண்டும். தூக்குவதற்கு முதல் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கறையான் வருகிறதா, வௌவால் எச்சம் விழுகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். மனிதரை இப்படிப் பார்த்தால் எல்லாரும் நூறு வயது இருப்பார்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தாழி அக்கராயனிலிருந்து வந்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேற்றக் காணி எடுத்த ஓர் அக்காவின் வீட்டில் இருந்தது. கிணறு வெட்டும்போது அக்காவின் புருசனுக்கு அது அகப்பட்டிருக்கிறது. கயிறு போட்டு இழுத்ததில் உடம்பில் வெடிப்பு விழுந்துவிட்டது. அக்கா விடவில்லை. உள்ளே கிடந்த மண்ணையும் உடைசல்களையும் வெளியே கொட்டி, தாழியைச் சுற்றித் தும்புக் கயிற்றால் இறுக்கி, குசினி மூலையில் நிறுத்தி, அதற்குள் விதைநெல் போட்டு வைத்திருந்தா. மொட்டைக்கறுப்பன் நெல். தகப்பனின் வயலிலிருந்து கொண்டுவந்து பெருக்கிய விதை. நெல்லுக்கு மேல் காய்ந்த வேப்பிலை.

எப்படியோ கேள்விப்பட்டு ஐயா பார்க்கப் போனார். பின்னால் நாங்கள். ஐயாவுக்குத் தாழியைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சியில் அவர் ஒன்றை யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, இது அந்தக் காலத்துச் சனம் செத்தவையை வைச்சுப் புதைக்கிற தாழி."

புருசன் குசினிப் படியில் வைத்த காலை அப்படியே பின்னுக்கு எடுத்தார். அக்கா தாழியையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தா.

"அப்பிடியோ? அந்தச் செத்தவர் ரண்டு வருசமா ஒரு எலியை உள்ளுக்கை விடேல்லை. இந்த வீட்டில உயிரோட இருக்கிற ஆம்பிளையால அது ஏலாமல் கிடந்தது."

நான் சிரித்துவிட்டேன். புருசன் சிரிக்கவில்லை. இது வீட்டை விட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் தான் போகிறேன் என்று நின்றார். அக்கா இரண்டையும் நிறுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு கணம் யோசித்தா. பிறகு, "சரி, சாடியைக் கொண்டுபோங்கோ" என்றா.

நெல்லை அள்ளிச் சாக்கில் போடத் தொடங்கினோம். கொஞ்சம் அள்ளியதும் தாழியின் தோளிலிருந்து சின்னதாய் ஒரு சத்தம் வந்தது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. ஐயா "நிப்பாட்டு!" என்று கத்தினார். பிறகுதான் விளங்கியது. வெடித்த தாழியை உள்ளேயிருந்து நெல் தள்ளிக்கொண்டிருக்கிறது, வெளியேயிருந்து கயிறு தாங்கிக்கொண்டிருக்கிறது. நெல்லை எடுத்தால் கயிறு தொய்ந்து ஓடுகள் உள்ளே விழும். அள்ளிய நெல்லைத் திரும்பப் போட்டோம்.

ஆகவே நெல்லோடுதான் கொண்டுபோகவேண்டும். கொழும்பிலிருந்து வெள்ளைச் சாந்து வந்ததும், முறிந்த கைக்கு ஆசுபத்திரியில் கட்டுகிற மாதிரித் தாழிக்கு வெளியே கட்டுப் போட்டுவிட்டு நெல்லைத் தருவதாக ஐயா வாக்குக் கொடுத்தார்.

"விதைப்புக்கு முதல் தருவியளோ?" என்று அக்கா கேட்டா.

"அதுக்கு எவ்வளவோ முதல் தருவன், பிள்ளை."

வைக்கோல் பரப்பிய வண்டிலில் தாழி ஊர்ந்து வந்தது. நான் வழியெல்லாம் மாட்டுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நடந்தேன்.

சாந்து வரவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. அக்கா கிளிநொச்சிச் சந்தைக்கு வருகிற போதெல்லாம் எங்களிடமும் வருவா. கை கழுவித் துடைத்துவிட்டு, தாழிக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல் எடுத்து, ஈரம் ஏறியிருக்கிறதா என்று பல்லில் கடித்துப் பார்ப்பா. எங்களுக்கு ஒழுங்காக வருகிற பார்வையாளர் அவா ஒருவர்தான்.

"அக்கா, மற்றச் சாமானையும் ஒருக்காப் பாருங்கோவன். அந்தப் பழங்காலக் கல்லு கோபிக்கப் போகுது."

"கல்லு முளைக்குமோ தம்பி? முளைச்சாச் சொல்லுங்கோ, வந்து பாக்கிறன்."

நெல் வந்த பிறகு எலியும் வந்தது. தாழிக்கு மேல் பலகை வைத்து, அதற்கு மேல் நான் ஒரு பழைய அம்மிக்கல்லை வைத்தேன். அது காட்சிக்கு வைத்த அம்மி. ஐயா என்னைப் பார்த்த பார்வையில் அம்மி தன் இடத்துக்குப் போய்விட்டது.

கடைசியில் ஐயா, தானே கொழும்புக்குப் போய்ச் சாந்தை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். அவர் போன மறுநாள் காலமை அக்கா வந்தா. சந்தை நாள் இல்லை. வாசலில் வண்டில், வண்டிலில் புருசன், அக்காவின் கையில் மடித்த சாக்குகள்.

"என்ன அக்கா, இண்டைக்குக் குடும்பமாவே பாக்க வந்திட்டியள்?"

அக்கா கையை மேலே காட்டினா.

"வானத்தைப் பாத்தனீங்களோ தம்பி?"

பார்த்தேன். மேகம் இருந்தது. எனக்கு அது மேகம், அவ்வளவுதான். கூட்டாளி வெளியே வந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தான்.

"வாடைக் காத்துத் திரும்பிட்டுது" என்றான்.

அக்கா சொன்னா: "புழுதி உழுது வைச்சுக் கிடக்கு. நாளைக்கு விதைச்சாத்தான். மழை விழுந்திட்டுதெண்டா எல்லாம் சேறு, புழுதி விதைப்பு இல்லை. பிறகு சேத்தில விதைக்க ஆளுமில்லை, மாடுமில்லை. ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது, எல்லாருக்கும் தங்கட அளவுக்குத்தான் விதை கிடக்கு."

ஐயா வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொன்னேன். அவா சண்டை பிடிப்பா என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவா பிடிக்கவில்லை. தாழிக்குப் பக்கத்தில் சீமெந்து நிலத்தில், சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டா. ஆசுபத்திரியில் உள்ளே போன ஆளுக்காகக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். 

நான் கூட்டாளியை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடா செய்வம்?"

"நீ என்ன செய்யப்போறாய் எண்டு உனக்குத் தெரியுந்தானே" என்றான். கயிறு தேடப் போய்விட்டான்.

சாந்துக்குப் பதிலாகக் கோதுமை மாப் பசை காய்ச்சினேன். பட்டம் கட்டிப் பழகிய கை, அதில் எனக்குக் குறைவில்லை. நான் உடுத்துப் பழசான சாரம் ஒன்றை நீளம் நீளமாய்க் கிழித்து, பசையில் தோய்த்து, தாழியைச் சுற்றி ஒட்டினோம். மத்தியானம் வரை காயவிட்டோம். கூட்டாளி தும்புக் கயிறுகளுக்கு மேல் இன்னும் கயிறு போட்டு, அதற்குள் தடி விட்டு முறுக்கிப் பிடித்துக்கொண்டான். நெல் இறங்க இறங்க அவன் முறுக்குவதும், நான் வைக்கோல் திணித்த சாக்கை நெல் இருந்த இடத்தில் அடைப்பதும் என்று ஏற்பாடு.

சிரட்டையால் அள்ளினேன். அக்கா சாக்கைப் பிடித்தா. புருசன் தாழிக்குக் கிட்ட வரவில்லை, ஆனால் நிரம்பிய சாக்கைத் தோளில் எடுத்து வண்டிலுக்குக் கொண்டுபோனார். பாதி வரைக்கும் பிசகில்லாமல் போனது. நான் சந்தோசத்தில் பாடத் தொடங்கினேன். அப்போது அந்த அப்பளச் சத்தம். தோளிலிருந்து ஓர் ஓடு சாரத் துணியையும் பிய்த்துக்கொண்டு என் கையில் வந்து இருந்தது.

 அக்கா சாக்கின் வாயைச் சுருக்கிப் பிடித்தா.

"காணும் தம்பி, இவ்வளவு போதும். விடுங்கோ."

"என்ன காணும்? பாதிதானே வந்தது?"

"பாதி வயலுக்குப் போட்டால் காணும். இதை உடைச்சு உங்கட வேலைக்குப் பிழை வரக் கூடாது. ஐயா எவ்வளவு ஆசையா இதைக் கொண்டு வந்தவர்."

தாழியைத் தடவினா. இரண்டு வருசம் தன் விதையை எலிக்குக் கொடுக்காமல் காத்த சாமான். அதன்மேல் அவாவுக்கும் ஒரு பட்சம் இருந்தது, எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மற்றப் பாதி வயலில என்ன விதைப்பியள் அக்கா? எங்கட கல்லையோ?" என்றேன்.

அவா சிரிக்கப் பார்த்தா, முடியவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பினா. நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் தடியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி, தலையை ஆட்டினான்.

நான் அள்ளினேன். இனிப் பாடவில்லை. இன்னொரு ஓடு விழுந்தது. கூட்டாளி முழங்காலாலும் நெஞ்சாலும் தாழியை அணைத்துப் பிடித்தான். அடியில் கிடந்த நெல்லை நான் தலைகீழாகக் குனிந்து வழித்தேன். கடைசிச் சிரட்டை வெளியே வந்து நான் தலையை எடுத்ததும், அதுவரை பொறுத்திருந்தது போல ஒரு பக்கம் முழுக்க மெல்ல உள்ளே சாய்ந்தது. வைக்கோல் சாக்கின்மேல் விழுந்ததால் ஓடுகள் தூளாகவில்லை. அது மட்டும்தான் ஆறுதல்.

அக்கா நிலத்தில் சிந்தியதையும் பொறுக்கினா. ஓட்டுத் துண்டுகளுக்கிடையில் கிடந்த மணிகளை நானும் பொறுக்கிக் கொடுத்தேன். வண்டிலில் ஏற முன் கேட்டா:

"ஐயா உங்களை வேலையால நிப்பாட்டிப் போடுவாரோ?"

"நிப்பாட்டினால் அக்கராயனுக்கு வாறன். உங்கட வயலில வெருளிக்குப் பதிலா நிக்கிறன். குருவி ஒண்டும் கிட்டவும் வராது, இந்த மூஞ்சையைப் பாருங்கோ."

இந்த முறை சிரித்தா. வண்டில் போய்விட்டது.

மறுநாள் முழுக்க நான் ஓடுகளோடு இருந்தேன். பெட்டியில் மணல் நிரப்பி, எந்த ஓடு எதனோடு சேரும் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் விடியற்புறம் கூட்டாளி ஒன்றும் சொல்லாமல் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கராயன் பக்கம் போனான். அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் மழை தொடங்கியது. பெரிய மழை. ஓட்டுக் கூரையில் விழுகிற சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. நேற்று அவா விதைத்து முடித்தாவா, இல்லை பாதியில் மாடு படுத்துவிட்டதா, சாக்குகள் இப்போது வரம்பில் நனைந்துகொண்டு இருக்கின்றனவா என்று மண்டைக்குள் இதுதான். ஐயாவுக்குச் சொல்ல நான் கட்டி வைத்திருந்த கதைகள், எலிக்கதை, பூனைக்கதை, நில நடுக்கக் கதை, ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ரெயில் கூவியது. கொஞ்சத்தில் ஸ்டேசன் றோட்டால் குடை ஒன்று வந்தது. குடைக்குக் கீழே ஐயா, கையில் சாந்துப் பெட்டியை மழை படாமல் பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தார். அதே நேரம் மற்றப் பக்கத்தால் கூட்டாளி தலை முதல் கால் வரை நனைந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்தினான்.

"டேய், ஐயா வந்திட்டார். அவருக்கு என்னடா சொல்லுறது?"

அவன் முகத்துத் தண்ணீரை வழித்து எறிந்தான்.

"மழைக்கு முதல் அக்கா விதைச்சு முடிச்சிட்டா எண்டு சொல்லு."