குடைக்காரர் கம்பெனியை விற்ற கதை

ஊரில் எல்லோருக்கும் அவர் குடைக்காரர். இளவயதில் பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்து உடைந்த கம்பிகளை மாற்றிக் கொடுத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு சேர்ந்து வீட்டு முன்னறையில் துணி வெட்டித் தைத்தார். அது மெல்ல மெல்ல வளர்ந்து, நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனியாக நிமிர்ந்தது. அறுபதைத் தாண்டியதும் முட்டி மக்கர் செய்தது. மகளோ பல் டாக்டராகித் தன் வழியைப் பார்த்துக்கொண்டாள். ஒரு பெரிய நிறுவனம் நல்ல விலைக்குக் கேட்டு வந்தபோது, கொடுத்துவிடலாம் என்று இருவரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

மழைக்காலம் முடிந்த மறுமாதம் கைமாற்றுவது, அன்றைக்கு வங்கியில் இருக்கும் ரொக்கம் முழுக்க குடைக்காரருக்கே என்று பேச்சு. அவருக்கு உள்ளூரக் குஷி. மழை ஓய்ந்தால் கிடங்கு துடைத்துவிட்டாற்போல் காலியாகும். கடைக்காரர்களிடமிருந்து பாக்கியும் வந்து சேர்ந்துவிடும். வருடத்திலேயே வங்கிக் கணக்கு கொழுத்திருக்கும் மாதம் அதுதான்.

ஒப்பந்த வரைவை, அவர் அமர்த்திய வக்கீல் அம்மா படித்துக் காட்டினார். நடுவில் ஒரு பத்தியில் நின்றார். "இது என்னன்னு தெரியுமா சார்? நிகர நடைமுறை மூலதனம்."

"பேரைக் கேட்டாலே காய்ச்சல் வருது மேடம்."

"பெருசா ஒண்ணும் இல்ல. கிடங்குல இருக்கற சரக்கையும், கடைக்காரங்க உங்களுக்குத் தரவேண்டிய பாக்கியையும் கூட்டணும். துணிக்காரருக்கும் கம்பிக்காரருக்கும் நீங்க தரவேண்டியதைக் கழிக்கணும். மிச்சம் நிக்குதே, அதான். ரொக்கம் இதுல சேராது. வருஷம் பூரா பார்த்து ஒரு சராசரி போட்டிருக்காங்க. கைமாத்தற அன்னைக்கு அதைவிடக் குறைஞ்சா விலையில பிடிச்சுக்குவாங்க. கூடினா உங்களுக்கு மேல போட்டுத் தருவாங்க."

குடைக்காரருக்குச் சுருக்கென்றது. "காலிக் கிடங்கு மாசத்துல குறையத்தானே செய்யும்? என் சட்டைப்பையிலயே கைவிடறாங்களே!"

வக்கீல் அம்மா பதறவில்லை. "கம்பெனியை வாங்கின மறுநாள் காலையில அவங்க முதல்ல என்ன பண்ணணும்?"

"துணி எடுக்கணும். அப்பவே வெட்ட ஆரம்பிச்சாத்தான் அடுத்த மழைக்குக் குடை தயாராகும்."

"நீங்களா இருந்தா எந்தப் பணத்துல எடுப்பீங்க?"

"பேங்க்ல கிடக்குமே, அந்தப்..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார்.

அதைத் தான் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவர்கள் துணிக்கு எங்கே போவார்கள்? இத்தனை வருடம் லாபம் என்று நினைத்து உச்சிகுளிர்ந்த பணம் அது. அதுவே துணியாகும், துணி குடையாகும், குடை கடைக்காரர் பாக்கியாகும், பாக்கி மறுபடி பணமாகும். ஒரே ஆள்தான் வேஷம் மாற்றி மாற்றி வந்து போயிருக்கிறான்! கோடையில் கிடங்கு முட்ட முட்டக் குடை இருந்தும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்டு அலைந்தது ஏன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவருக்கு விளங்கியது.

அந்தப் பத்தியைப் பற்றி வீட்டில் மனைவியிடம் சொன்னார். "நம்ம கூடவே இருந்து பார்த்தவங்க எழுதின மாதிரி இருக்குடி."

"பார்த்தது நான். எழுதத்தான் தெரியல" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன்பிறகு அந்தப் பத்தியில் அவருக்கே அக்கறை பிறந்துவிட்டது. கிடங்கின் கோடியில் சாயம் வெளுத்துக் கிடந்த பழைய குடைகளைச் சரக்கில் சேர்க்கக்கூடாது என்று தானே எழுதச் சொன்னார். "விக்காதுன்னு தெரிஞ்சதைச் சரக்குன்னு சொல்ல எனக்கு வாய் வராது மேடம்." கடைகள் முன்கூட்டியே கட்டிய அட்வான்ஸைக் கழிக்கும் பக்கம் சேர்க்கவும் ஒப்புக்கொண்டார். அது பணம் அல்ல, கொடுக்கவேண்டிய குடை என்று இப்போது அவருக்குத் தெரியும். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. வரவேண்டிய மாதத்தில் வானம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. கைமாற்றும் தேதிக்குச் சற்று முன்னால்தான் கொட்டத் தொடங்கியது. கடைக்காரர்கள் அப்போதுதான் அடித்துப் பிடித்துக் கடனுக்குச் சரக்கு எடுத்தார்கள். கிடங்கில் பாதிக்குமேல் குடை அப்படியே இருந்தது. வங்கிக் கணக்கோ வற்றிப்போயிருந்தது. எனக்கு என்று ஒதுக்கிய ரொக்கமே இல்லையே, ஆயுசு முழுக்கப் பட்ட பாடு மழைத்தண்ணீரோடு போயிற்றா என்று குடைக்காரர் சோறு இறங்காமல் தவித்தார்.

கைமாற்றிய அன்று இரு தரப்புக் கணக்கர்களும் கிடங்கைச் சுற்றி வந்தார்கள், சரக்கை எண்ணினார்கள், பாக்கியைக் கூட்டினார்கள், கழிக்கவேண்டியதைக் கழித்தார்கள். விடை சராசரியைவிட வெகுவாகக் கூடியிருந்தது. வங்கியில் வருடச் சராசரியைவிட எவ்வளவு வற்றியிருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் விலைக்கு மேல் அவருக்கு வந்து சேர்ந்தது.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்து வக்கீல் அம்மாவை போனில் கூப்பிட்டார். கொட்டுகிற மழையில் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தது.

"மழை இப்படிக் காலை வாரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்? அந்தப் பத்தியில மழைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே!"

"எனக்கு எப்படி சார் தெரியும்? யாருக்கும் தெரியாதுங்கறதாலதான் அப்படி எழுதினோம்."