லேமினேஷன் போட்ட கடற்கரை

என் வீட்டுக்காரர் ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். பகலெல்லாம் குழிகளை வரைந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வேறொரு வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்காருவார். பாண்டிச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய சோழமண்டலக் கரை. கடலில் பாய் விரித்த ஒரு கப்பல், மூலையில் பூமாலைக்கு நடுவே தலைப்பு, அடியில் செதுக்கியவன் பெயரும் அவன் கடை இருந்த தெருவும். பெரம்பலூரும் அரியலூரும் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மலையும் ஒரு யானையும்.

"இவன் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. எவனோ சொன்னதக் கேட்டு யானைய வுட்டுட்டான்" என்று சிரிப்பார். அந்தச் செதுக்கியவனைப் பற்றி, கூட வேலை பார்த்தவன் மாதிரிதான் பேசுவார். எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டுமாம். தகட்டுப் பள்ளத்தில் இருக்கும் மை தாளில் ஏறுவதால் கோடெல்லாம் லேசாகப் புடைத்து நிற்குமாம். நானும் விரல் வைத்துப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்த விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "நல்லா கதை வுடுறீங்க" என்று எழுந்து போய்விட்டேன்.

பிறகு சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்போதும் படத்தை மடியில் வைத்துத் தடவியபடி சொல்லுவார். "இதான் கரை. இது ஆத்து வாய். இங்க கப்பல்." ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். வருஷக்கணக்கில் பார்த்த படம், மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். படத்தின் ஓரம் கறையாகிவிட்டது. மனுஷன் அன்று சாப்பிடவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் எது முக்கியமோ அதற்கு லேமினேஷன் போட்டுவிடுவோம். ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட், மாமனார் போட்டோ எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, சூடு ஆறுவதற்குள் அவர் மடியில் வைத்தேன்.

"இனிமே தண்ணியே கொட்டுனாலும் ஒன்னும் ஆவாதுங்க."

அவர் இரண்டு கையாலும் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். "நல்லா பண்ணிருக்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்கப்புறம் அவராகப் படத்தைக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நானே எடுத்து மடியில் வைத்து, "எங்க, கப்பலக் காட்டுங்க" என்றேன். விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தா. பாய் கூடத் தெரியுதே."

அவசரத்தில் நான் படத்தைக் குப்புற வைத்திருந்தேன். அவர் விரல் வெறும் முதுகுத் தாள்மேல் இருந்தது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றுகூட இப்போது அதற்குத் தட்டுப்படவில்லை. இத்தனை நாளும் அந்த விரல் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிச்சமிருந்த அந்த ஒரு பார்வையையும் நான்தான் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டேன். அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்றுதான் இல்லாத கப்பலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சரியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, கப்பல்தான்" என்றேன். போன வருஷம் அவர் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம்.