வயர்லெஸ்ஸுக்கு ஒரு வண்டி

என் சித்தப்பாவுக்கு மறையூரில் பேசி வைத்திருந்த பெண் வேறொருவருக்கு மனைவியானதற்கு நான்தான் காரணம். அதற்கு எனக்கு ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதுமாயிருந்தன. அப்போது எனக்குப் பத்து வயது. ஐம்பது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சித்தப்பா ஜீப் ஓட்டினார். சனிக்கிழமைதோறும் கேன்டீனுக்கு வெல்லம் வாங்க மறையூர் போவார். அங்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்காரரின் மகளை அவருக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவரை. எங்கள் கிறிஸ்தவச் சபை வழக்கப்படி, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியார் முன் நேரில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கு வராவிட்டால் உடுமலைப்பேட்டை வரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பெண்ணின் அப்பா முன்பே சொல்லியிருந்தார். இதெல்லாம் பத்தொன்பதாம் வயதில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பத்து வயதில் மறையூர் என்றால் எனக்கு வெல்லம் மட்டும்தான்.

மழைக்காலத்தில் மண் சரிந்தால் முதலில் போவது டெலிபோன் கம்பி. அதனால் அந்த வருடம் எஸ்டேட்டில் பெரிய வயர்லெஸ் செட் ஒன்று வாங்கினார்கள். அதை வண்டியில் பொருத்தி, எந்த வளைவில் வேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்திச் சமவெளிக்குப் பேசலாம். எந்த வண்டியில் பொருத்துவது என்று முடிவு செய்ய, பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து வந்தார். சித்தப்பாவின் பெட்ரோல் ஜீப் ஒன்று, தேயிலைச் சாக்கு ஏற்றும் டீசல் வேன் ஒன்று. இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் பின்னாலேயே சுற்றினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் பெரியவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இந்த செட்டு கேக்கறப்ப சாது, கண்ணு. பேச வாயத் தொறந்துச்சுன்னா பேட்டரியக் குடிச்சுப்போடும்" என்றார். அதனால் வண்டியில் இரண்டாவது பேட்டரிக்கு இடம் வேண்டும், டைனமோ வலுவாக இருக்க வேண்டும். ஏரியல் நட இரும்புக் கூரை இருந்தால் நல்லது. ஜீப்புக்கு இருந்தது கித்தான் கூரை. எல்லாவற்றுக்கும் மேலாக, இஞ்சின் ஓடும்போது செட்டில் இரைச்சல் வரக்கூடாது. அதைச் சோதிக்க அவர் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, வண்டிக்குள் வைத்தார். இஞ்சினை முடுக்கினால் ஜீப்பில் அது டக்கு டக்கென்று தெறித்தது.

"இஞ்சின்ல பெட்ரோலப் பத்தவைக்கற பிளக்கு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மின்னலு. மின்னலடிச்சா ரேடியோ கொரகொரங்குதில்ல, அதேதான் இது."

"டீசலுக்கு, மாமா?"

"அதுக்குப் பிளக்கே கெடையாது. புகைய உட்டுட்டு அதும்பாட்டுக்கு இருக்கும்."

வேனில் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. என் முகம் வாடியதை அவர் கவனிக்கவில்லை. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, இஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் செம்புப் பின்னலைக் காட்டினார். "இது தளந்துச்சுன்னா டீசலும் கொரைக்கும், பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன்.

வேன் டிரைவரின் மகன் என் வகுப்பில் படித்தான். "எங்கப்பா வண்டியிலதாம்ல ஏரியலு. ஒங்க சித்தப்பா வெல்லம் தூக்கத்தான் லாயக்கு" என்று அன்று சாயங்காலமே எல்லார் முன்னாலும் சொன்னான். சித்தப்பாவுக்கு ஒரு பெருமை தேடித் தருவதாகத்தான் நான் நினைத்தேன். மறுநாள் விடிந்ததும், எஸ்டேட் மேனேஜர் துரை வந்து பார்ப்பதற்கு முன்னால், ஜீப்பிலிருந்தே ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்து அந்தப் பின்னலின் நட்டைத் தளர்த்தினேன். அதன்மேல் பழையபடி சேற்றையும் அப்பினேன். அந்தச் சேறுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. நட்டைத் திருகியது விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். சேறு அப்பியதை அப்படிச் சொல்ல முடியாது.

துரை முன்னிலையில் வேன் கரகரத்தது. எலப்புள்ளிக்காரர் காதை டிரான்சிஸ்டரில் வைத்தார், எடுத்தார். குனிந்து பார்த்தார். பின்னல், மேலே சேறு கலையாமல், இடத்தில்தான் இருந்தது. "நேத்து சுத்தமா இருந்துச்சுங்களே" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். மழை இறங்கிவிட்டது, இன்றே முடிவு வேண்டும் என்றார் துரை.

"அப்ப ஜீப்புங்க. அதோட சீக்கு என்னன்னு தெரியும், பிளக்குக்குத் தடுப்பு மாட்டிச் சரிபண்ணிப்போடலாம். இது எங்கிருந்து வருதுன்னே தெரியலைங்க."

நான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. "சார், சனிக்கிழமை மறையூருக்கு..." என்று இழுத்தார்.

"இனிமே வேன் போகும். மழை விடறவரைக்கும் நீ செட்டை விட்டு நகரக்கூடாது."

அப்படியே நடந்தது. ஜீப் மேட்டு வளைவில் நின்றது. மணிக்கொரு முறை இஞ்சினை ஓட்டிப் பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். செட்டைக் கையாளச் சித்தப்பாவுக்கு மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஜூன் கடைசி வாரம் கீழே இரண்டு இடத்தில் மண் சரிந்தது. ஒரே ஒரு நாள் லீவு கேட்டு அவர் துரை பங்களா வாசலில் மழையில் நின்றாராம். கிடைக்கவில்லை. வேன் டிரைவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினார். சாமியார் கடிதத்திடம் சம்மதம் கேட்க முடியுமா?

சித்தப்பா சில வருடம் கழித்து வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், நன்றாகவே வாழ்ந்தார். அவர் போய்ச் சேரும்வரை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சித்தியிடம் சொல்லவும் வழியில்லை. அவள் அந்த வீட்டுக்கு வந்ததே நான் திருகிய நட்டினால்தான்.

வேன் டிரைவர் மறையூரிலிருந்து பதிலோடு திரும்பிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சித்தப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, செட்டின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சித்தப்பா, இதுல எம்புட்டு தூரம் பேசலாம்?"

"பாலக்காடு வரைக்கும் கேக்கும்ல."

"மறையூருக்கு?"

சித்தப்பா செட்டின் முகப்பைத் துணியால் துடைத்தார். "அங்க செட்டு இல்லல" என்றார்.

அப்படியென்றால் அங்கேயும் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லித் துரையிடம் கேட்கலாமே என்றேன். அவர் என் தலையில் கை வைத்துச் சிரித்தார். என் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, அதை அம்மாவிடம் சொல்ல மழையில் வீட்டுக்கு ஓடினேன்.