முருகனுக்கு ஒரு பேட்டரி ரிக்‌ஷா

போன வாரம் முதல் என் இடது தோள் தனிக்கட்சி தொடங்கிவிட்டது. தலைமைக்குக் கட்டுப்படுவதில்லை. தூக்கு என்றால் தூக்குவதில்லை. இறக்கு என்றால் இறங்குவதில்லை. இந்தப் பத்தியை வலது கை மட்டும்தான் டைப் செய்துகொண்டிருக்கிறது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் வழக்கம்போல ஆசிரியரைத் திட்டாதீர்கள். இந்த முறை பழி முருகனுக்கு.

விஷயம் இதுதான். டெல்லி துவாரகாவில் எங்கள் செக்டாரில் ஒரு சின்ன முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று காலையில் சுவாமி பல்லக்கில் ஏறி ஒரு ரவுண்டு வருவார். வழியில் ஒவ்வொரு குடியிருப்பின் வாசலிலும் மண்டகப்படி — அதாவது சுவாமி நிற்பார், தேங்காய் உடைப்பார்கள், தீபாராதனை, பிரசாதம், பிறகு அடுத்த வாசல். பல்லக்கைச் சுமக்கக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. நாங்களேதான் சுமப்போம். நாங்கள் என்றால், ஆளுக்கொரு அமைச்சகத்தில் ஃபைல் சுமந்தே தேய்ந்த எட்டுப் பேர். தேய்ந்தது மூளை மட்டும்தான். மற்றதெல்லாம் வளர்ந்திருக்கிறது.

போன வருடம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பல்லக்கு முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குருக்கள் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் முருகன் இரண்டு மனைவிகளோடும் தார் ரோட்டில் இறங்கியிருப்பார்.

அதனால் இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் கோமதிநாயகம் எழுந்தார். திருநெல்வேலிக்காரர். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் சக்கரத்தின் மேல் ஏற்றினால்தான் அவருக்கு நிம்மதி.

“சாமிக்கு பேட்டரி ரிக்‌ஷா பேசியாச்சு. சீட்டு மேல பலகையைப் போட்டு, பூ அலங்காரம் பண்ணி, ஜம்முனு போயிட்டு வந்திரலாம்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு அந்த வசதி கிடையாதே!

“அண்ணாச்சி, முருகனுக்கு மயில் இருக்கு. பேட்டரி எதுக்கு? சாமியைத் தோள்ல சுமந்தாதான் உற்சவம். ரிக்‌ஷால ஏத்தினா அதுக்குப் பேர் ஷிஃப்டிங்!”

கைதட்டல். கோமதிநாயகம் அது அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“அப்படிப் போடும்! அப்போ முன்தண்டு எடது பக்கம் நீரே பிடியும். போன வருசம் சாஞ்சதும் நீரு நின்ன பக்கந்தான். ஆனா ஒண்ணு வே... ரிக்‌ஷா பின்னாலயே வரும். மண்டகப்படிக்கு நிக்கலாம். மத்தபடி நடுவழியில எங்கயாவது தண்டை எறக்குனீங்க, அந்த எடத்துலயே சாமி ரிக்‌ஷா ஏறிருவாரு. அதோட பல்லக்கைப் பரண்ல போட்டிருவோம். என்ன சொல்லுதீரு?”

என்ன சொல்வது? கைதட்டல் வாங்கியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் அது.

வீட்டில் வசந்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் ஒரு பட்டாணி கை தவறி உருண்டது.

“முன்தண்டா? நீங்களா?”

“ஏன், கல்யாணத்துக்கு முன்னாடி தூக்கலையா?”

“தூக்கினீங்க. அதைப் பார்த்துதானே எங்கப்பா ஏமாந்தாரு.”

இதில் ஒரு வரலாறு உண்டு. வேலை கிடைத்து டெல்லி வந்த புதிதில் மோதி பாக்கில் இருந்தேன். கோயில் வேறு, முருகன் அவர்தான். அங்கே ஓர் உற்சவத்தின்போது, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், முன்தண்டில் வியர்க்காமல் நடக்கும் இளைஞனைப் பார்த்திருக்கிறார். யார், என்ன, எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார். ஜாதகமெல்லாம் அப்புறம். முதலில் பொருந்தியது தோள்தான்.

“அந்தத் தோளைக் காட்டித்தானே என்னைக் கட்டிட்டு வந்தீங்க? இப்ப ஊர் பார்க்கப் பல்லக்கைக் கீழ போட்டீங்கன்னா, போய்ச் சேர்ந்த எங்கப்பாவுக்கு யாருங்க பதில் சொல்றது?”

நியாயமான கேள்வி. அந்தத் தோள் எங்கேதான் போயிற்று?

அப்போது நான் ஜிம்முக்கா போனேன்? மோதி பாக்கில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மே மாதம் பிறந்தால் குழாயில் தண்ணீர் மேலே ஏறாது; கூலருக்குக் கீழேயிருந்து வாளி வாளியாக நான்தான் ஏற்ற வேண்டும். காலையில் ஸ்கூட்டரை ஒருக்களித்துச் சாய்த்து, உதைத்து, மறுபடி சாய்த்து, மறுபடி உதைத்து... அது கிளம்பும்போது நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்திருப்பேன். டிவியில் படம் ஆடினால் மொட்டைமாடிக்கு ஓட வேண்டும். ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு “இப்ப சரியா?” என்று கத்தினால், கீழேயிருந்து “முன்னாடியே தேவலை!” என்று பதில் வரும். இதற்கெல்லாம் உடற்பயிற்சி என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தலையெழுத்து என்றுதான் சொன்னோம்.

உடனே ‘அதெல்லாம் பொற்காலம்’ என்று நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன் என எதிர்பார்க்காதீர்கள். டெல்லி வெயிலில் கூலருக்குத் தண்ணீர் சுமந்தவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். ஏசி கண்டுபிடித்த புண்ணியவானுக்கு ஒரு கோயில் கட்ட இன்றைக்கும் தயார். பல்லக்கு மட்டும் வேண்டாம்.

இப்போது என் உடம்புக்கு என்ன வேலை? கொத்துமல்லி பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிறது. சோபாவிலிருந்து எழுந்து போய் ஓடிபி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சில நாள் கொத்துமல்லி கடையிலிருந்து வந்து சேர்வதைவிட, நான் சோபாவிலிருந்து வாசலுக்குப் போய்ச் சேரத்தான் அதிக நேரமாகிறது. விளக்கை அணைக்கவும் எழ வேண்டாம். குரல் கொடுத்தால் அதுவே அணைகிறது. வீட்டில் என் பேச்சைக் கேட்பது அது ஒன்றுதான் என்பதால் அடிக்கடி அணைக்கிறேன். தரை துடைக்க வட்டமாக ஓர் எந்திரம் ஊர்ந்து வருகிறது. அது கிட்டே வரும்போது இரண்டு காலையும் தூக்கிக்கொள்ள வேண்டும். என் கால்களுக்கு இருக்கும் ஒரே பயிற்சி அதுதான். உடம்பிலேயே கட்டுமஸ்தாக மிஞ்சியிருக்கும் பாகம் கட்டைவிரல் — செல்போன் தள்ளுவதால்.

சிரமத்தை இப்படி நாள் முழுக்க மிச்சம் பிடித்தால், அந்த மிச்சம் எங்கேயாவது சேரத்தானே வேண்டும்? எனக்கு இடுப்பில் சேர்ந்திருக்கிறது.

சரி, ஒரு மாதம் இருக்கிறதே என்று ஜிம்மில் சேர்ந்தேன். கூப்பிடு தூரம்தான். அதனால் காரில் போனேன். பார்க்கிங் கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்ததில் கடைசியாக ஓர் இடம் கிடைத்தது... எங்கள் வீட்டு வாசலில்!

ஜிம்மின் பயிற்சியாளர் ஹரியானாக்காரர். அவர் கையின் சுற்றளவில் எனக்கு ஒரு சட்டை தைக்கலாம்.

“அங்கிள்ஜி, எதுக்குச் சேர்றீங்க? வெயிட் லாஸா?” என்று இந்தியில் கேட்டார்.

“இல்லை பையா, பகவானைத் தூக்கணும்.”

மேலும் கீழும் பார்த்தார். “அச்சா... முதல்ல பகவான் உங்களைத் தூக்காம பார்த்துக்குவோம்” என்றார்.

பழகிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பல்லக்கில் சுவாமி எடைக்கு எதையாவது வைக்க வேண்டுமே? மடப்பள்ளியில் அரிசி மூட்டைகள் இருந்தன. அவற்றை யார் தூக்கி வருவது என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. தானாக நடந்துவந்து ஏறிக்கொள்ளக்கூடிய எடையாக அங்கே இருந்தவர் கோமதிநாயகம் ஒருவர்தான்.

“நானா? பாவம் புடிக்கும்வே!” என்றார். ஆனால் ஏறிவிட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் முகத்தில் ஒரு களை வந்ததை மறுப்பதற்கில்லை.

தூக்கினோம். முழங்கால்வரை ஒற்றுமையாக வந்தோம். இடுப்பில் கருத்து வேறுபாடு. நான் இடது பக்கம் இழுக்க, வலது முன்தண்டில் இருந்த கோயம்புத்தூர் பாலு — தணிக்கைத் துறைக்காரர் — “ஏனுங்க, நம்ம பக்கம் கொஞ்சம் பார்த்துக்குங்க!” என்று கூவ, மேலேயிருந்து அசரீரி:

“எறக்குங்கவே! சாமி தானே எறங்கிக்கிடும்!”

யாரோ படம் எடுத்து, குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டார்கள். விவரம் தெரியாத ஒரு பஞ்சாபிக்காரர் அதன் கீழே இரண்டு ஜோடிக் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்.

வந்தது பங்குனி உத்திரம்.

தண்டு தோளில் ஏறிய கணத்திலேயே தெரிந்துவிட்டது, முருகன் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. பின்னால் சாமந்திப்பூ மாலைகளோடு பேட்டரி ரிக்‌ஷா. அதற்குச் சத்தம் கிடையாது. ஆனால் அது வருகிறது என்பது முதுகுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அதை ஓட்டிவந்த பிகார்க்காரர், நாங்கள் கொஞ்சம் தள்ளாடினாலும் உரிமையோடு ஒரு ஹார்ன் அடித்து, “ஆவூம் க்யா, பாபுஜி?” என்பார். வரட்டுமா என்று அர்த்தம்.

முதல் மண்டகப்படி. கவைக் கம்புகளை முட்டுக் கொடுத்துத் தண்டை அதன்மேல் வைத்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ‘சரணாகதி’ என்பது புரிந்தது. கேசரி கொடுத்தார்கள். மறுத்தால் தெய்வக் குற்றம். இரண்டாவதில் புளியோதரை. மூன்றாவதற்குப் பாதி வழியில் தோள் கெஞ்ச ஆரம்பித்தது.

அப்போதுதான் தணிக்கைத் துறை தன் மூளையைக் காட்டியது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்றார் பாலு. “அங்க பாருங்க, அந்தம்மா கையெடுத்துக் கும்புடறாங்க. சாமி நிக்க வேண்டாமுங்களா?”

சாலையோரம் ஒரு பஞ்சாபி அம்மாள் நாயோடு நின்றிருந்தார். கும்பிட்டாரா, நாயின் சங்கிலியைச் சரிசெய்தாரா... பக்தியை ஆராயலாமா? நின்றோம். குருக்கள் தீபாராதனை காட்டினார். விதிமுறைப்படி அது மண்டகப்படி!

அதன்பிறகு எங்கு பார்த்தாலும் எங்கள் கண்ணுக்குப் பக்தர்கள்தான். ஏடிஎம் காவலாளிக்காக நின்றோம். மோர் வாங்க வந்தவருக்காக நின்றோம். பூங்கா வாசலில் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்து, கண்மூடி, ஒற்றைக்காலில் நின்றிருந்தார். என்ன பக்தி! ஐந்து நிமிடம் நின்றோம். கண் திறந்தவர் எதிரே முருகனையும் மேளத்தையும் பார்த்து ஆடிப்போய்விட்டார். அவர் யோகாசனம் செய்துகொண்டிருந்தாராம். சுண்டல் கொடுத்து அனுப்பினோம்.

கோமதிநாயகம் பக்கத்தில் வந்து, “என்னவே, ஊர்ல திடீர்னு பக்தி முத்திப்போச்சு?” என்றார். ரயில்வேயில் எத்தனை லேட் வண்டிகளுக்குக் காரணம் கேட்டிருப்பார்!

கடைசிக் கட்டம். கட்டி முடிக்காத ஒரு மாலின் நீண்ட மதில்சுவர். வாசல் இல்லை, ஆள் இல்லை, நாய்கூட இல்லை. இதைத் தாண்டினால் கோயில். தாண்ட வேண்டுமே? தோள் மரத்து, முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆரம்பித்தன. இதுவரை தின்ற கேசரியும் புளியோதரையும் பல்லக்கில் கூடுதல் பயணிகளாக ஏறிக்கொண்டது போலிருந்தது.

“ஏனுங்க... நம்மளால ஆகாதுங்க. இறக்கிப்போடலாமுங்க...” பாலுவின் குரல் அழுதது.

“பொறுங்க பாலு, பொறுங்க...” தண்டு என் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஹார்ன். “ஆவூம் க்யா?”

பக்கத்தில் நடந்துவந்த வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். விறுவிறுவென்று முன்னால் ஓடி, நடுரோட்டில் பல்லக்குக்கு எதிரே நின்று, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

“நில்லுங்கோ, நில்லுங்கோ!” என்றார் குருக்கள். கம்புகள் முட்டுக்கு வந்தன. தோள் விடுதலை.

கோமதிநாயகம் வந்தார். “ஏம்மா, ஒங்க வாசல்லயே கும்பிட்டாச்சுல்லா?”

“இது வேற வேண்டுதல், அண்ணாச்சி.”

“என்ன வேண்டுதல்?”

“சொன்னா பலிக்காது.” கண்ணைத் திறக்கவே இல்லை.

அவர் வசந்தியைப் பார்த்தார். தண்டைப் பிடித்தபடி மாடுபோல் மூச்சு வாங்கும் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற ரிக்‌ஷாவைப் பார்த்தார். பிறகு குருக்களிடம் திரும்பி, “தீபாராதனை காட்டும். நின்னு, நெதானமா காட்டும்” என்றார்.

நிதானமாகவே காட்டினார். முருகன் தோள்மேலேயே கோயிலுக்குத் திரும்பினார்.

கூட்டத்தில் எல்லோருக்கும் ஏகத் திருப்தி. “இப்படி ஒரு உலா பார்த்ததே இல்லை. போன வருடங்களில் என்னமோ ஆபீசுக்குப் போகிற மாதிரி ஓடுவார்கள். இந்த முறை என்ன ஒரு நிதானம்!” என்றார்கள். தலையைக் குனிந்து பணிவாக ஏற்றுக்கொண்டோம். நிமிர முடியவில்லை என்பதுதான் காரணம்.

மறுநாள் எடை பார்த்தேன். ஜிம்மில் ஒரு மாதம் பாடுபட்டுக் குறைத்ததை ஒரே காலையில் மண்டகப்படிகள் வட்டியோடு திருப்பித் தந்திருந்தன. பல்லக்கு பரணுக்குப் போகவில்லை. மாமனாருக்கும் பதில் சொல்லியாயிற்று — அவர் பெண்ணே சொல்லிவிட்டாள். வேண்டுதல் என்ன என்று இதுவரை எனக்கும் தெரியாது.

பேட்டரி ரிக்‌ஷா வீணாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? அதெப்படி? சாமந்தி மாலைகளுக்கு நடுவே, சுவாமிக்குப் போட்ட பலகையில், சுமந்தவர்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வசந்தி நடந்து வந்தாள், வண்டிக்கு முன்னால்.

வழியில் அதே பஞ்சாபி அம்மாள், இந்த முறை சந்தேகமே இல்லாமல், எங்களைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். இறங்கி விளக்கம் சொல்ல முழங்கால் இடம் கொடுக்காததால், ஆசீர்வாதம் செய்துவிட்டோம்.