இல்லை என்று சொல்ல முடியாத ஒரு பெயர்

ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்துகளில் ரஹீமுன்னிசா தங்கள் வீட்டுப் பக்கம் வருவதை யாரும் விரும்பியதில்லை. அவள் மேல் யாருக்கும் குறை கிடையாது. முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருத்தி இறந்துபோனால், உடலைக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி அனுப்புகிறவள் அவள். அதனால் சும்மா வெல்லம் கடன் கேட்க வந்தாலும், வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதி காலியானபோது, அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த கிழவியும் ஆற்காட்டுக்குப் போய்விட்டாள். குண்டுக்குப் பயந்து சாவு நிற்குமா? அடுத்த வாரமே ஒரு பெண் இறந்தாள். தெருவில் மிச்சமிருந்த பெண்களில் கை நடுங்காதவள் ரஹீமுன்னிசா ஒருத்திதான். பயம் தெளிந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். கிழவியும் வந்தாள். வேலையை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

இதற்கு ரஹீமுன்னிசா கூலி வாங்குவதில்லை. அவளுடைய கணவர் அமீர் போர்க்காலத்திலேயே காலமாகிவிட்டார். வயிற்றுப்பாட்டுக்குத் துறைமுகத்தை அடுத்த ஒரு கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைத்தாள்.

குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த உடலில் கண்ட குறை எதையும் வெளியே சொல்லக்கூடாது. அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். ரஹீமுன்னிசா பத்து வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தாள். சில பெண்களின் மார்பில் அவள் கல் போன்ற கட்டியைக் கண்டிருக்கிறாள். சிலருக்கு மேல்தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். சிலருக்கு வெடித்துப் புண்ணாகியிருக்கும். வெளியே கூடத்தில் காய்ச்சல் என்பார்கள், காமாலை என்பார்கள், கண்ணேறு என்பார்கள். ரஹீமுன்னிசா கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

1952-இல் நோன்பு மாதத்துக்கு முன்பு மரியம் இறந்தாள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் பஷீரின் மனைவி. கிடங்கில் ரஹீமுன்னிசாவுக்கும் கூட வேலை செய்யும் கெங்கம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து கோணி தைத்தவள். ஜுரம் என்று சொன்னார்கள். அவளைக் குளிப்பாட்டியபோது ரஹீமுன்னிசா கண்டது ஜுரம் அல்ல. அதையும் அவள் சொல்லவில்லை. கிடங்கில் மரியம் உட்கார்ந்த இடம் சில நாள் காலியாக இருந்தது. பிறகு கெங்கம்மா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து ரஹீமுன்னிசாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

கோணி தைப்பதில் ஒவ்வொரு தையலுக்கும் சணலைத் தலைக்கு மேலே வரை இழுக்க வேண்டும். ஆடி மாதம் பிறந்த வாரத்தில் கெங்கம்மா தோள் வரைக்கும்தான் இழுத்தாள். மேஸ்திரி துரையின் கண்ணில் அது பட்டது.

"இன்னா கெங்கம்மா, அரிசி ரேஷனைத்தான் எடுத்துட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு அளந்து நீட்டற? கைய தாராளமா நீட்டேன்."

"உங்கிட்ட நீட்டினா இன்னா கெடைக்கப்போவுது?" என்றாள் கெங்கம்மா. பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி அடுத்த வரிசைக்குப் போனார்.

ரஹீமுன்னிசா சிரிக்கவில்லை. "கைல இன்னாடி?"

"கைல ஒண்ணுமில்ல பாயம்மா. தூக்கினா மார்ல இழுக்குது. ஒரு கட்டி கீது. பால் கட்டின மிச்சம்."

"உன் கடைசிப் புள்ள இஸ்கூலுக்குப் போவுது."

"அதுக்கின்னா?"

"இன்னும் அதுக்குப் பாலு கட்டுதா? வா, மூட்டைக்குப் பின்னாடி. நான் பாக்கறேன்."

கெங்கம்மா ஊசியைக் கீழே வைத்தாள். "நீ பாக்கறியா? நீ கை வெச்சேன்னு தெரிஞ்சா சாயந்தரம் எங்க வூட்டு வாசல்ல பாடை கட்ட ஆரம்பிச்சுடுவாங்க."

"இதக் கேளு. நீ செத்துப் பூட்டா உன்ன நான் குளிப்பாட்ட முடியாது. உங்க ஆளுங்க உடமாட்டாங்க. அத்தொட்டுத்தான் இப்பவே காட்டுங்கறேன்."

கெங்கம்மா எழுந்து மூட்டைக்குப் பின்னால் போனாள்.

ரஹீமுன்னிசாவின் விரல்களுக்குப் பழக்கமானது குளிர்ந்த உடம்பு. சூடு பட்டதும் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். பிறகு மறுபடி வைத்தாள். சூட்டுக்குக் கீழே இருந்தது அவளுக்குத் தெரிந்ததுதான். கொட்டைப்பாக்கு அளவு. தள்ளினால் நகரவில்லை. அதன் மேல் தோலில் சின்னக் குழி விழுந்திருந்தது.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"வலிக்கவே இல்லியே! வலிக்காததுக்குப் போயி லேடி டாக்டர் கையில இன்னான்னு சொல்றது? ஆடி போவட்டும். அம்மனுக்குக் கூழு ஊத்திட்டுப் பாக்கலாம்."

"இந்தக் கட்டி இன்னா பண்ணும்னு நான் பாத்துக்கீறேன்டி."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் ரஹீமுன்னிசாவுக்கு அது உறைத்தது.

"யாருகிட்ட?" என்றாள் கெங்கம்மா.

"யாரா இருந்தா உனக்கின்னா?"

"மளிகைக்கடை தேவகிருபையா?"

"அந்தம்மா சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. அவங்க சாவுல எனக்கு இன்னா வேலை?"

"அப்போ சுருட்டுக்கடை பாய் சம்சாரமா?"

"அவ உசுரோட கீறாடி! காலைலகூட கொழாயாண்ட என்னோட சண்ட போட்டா."

"பள்ளிவாசல் சந்து கிழவி?"

"இல்ல."

"மரியமா?"

ரஹீமுன்னிசா வாயைத் திறந்தாள். இல்லை என்றால் அது பொய். ஆமாம் என்றால் அமானிதம் போயிற்று. முதல் பெயருக்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் உண்மையாக இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டதால், இப்போது சும்மா இருப்பதும் சொல்வதும் ஒன்றாகிவிட்டது. திறந்த வாயை மூடினாள்.

"மரியம்…" என்றாள் கெங்கம்மா. "ஜொரம்னாங்களே."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லலதான்." கெங்கம்மா ரவிக்கையைச் சரிசெய்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "அவளுக்கு வலிச்சிருக்கும் பாயம்மா. வலியிலதான் செத்திருப்பா. எனக்கு வலி இல்ல. இது வேற."

மரியமுக்கு வலித்ததா இல்லையா என்று ரஹீமுன்னிசாவுக்குத் தெரியாது. அவள் பார்த்த யாரும் அதைச் சொல்லும் நிலையில் இருந்ததில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் போனால், தான் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் பஷீரின் வீட்டுக்குப் போனாள். வேலை முடிந்து வந்த பஷீர் வாசலில் நின்று ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும், "யாருக்கு இன்னா?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல தம்பி. ஒரு தப்பு நடந்துபோச்சு." நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "என் வாயால மரியம்னு சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல."

பஷீர் தழையை மொத்தமாக ஆட்டின் முன்னால் போட்டுவிட்டார். "அக்கா, பெரியவளுக்கு ஆம்பூர்ல மாப்பிள்ள பேசிகினு கீறோம். தாய்க்கு இந்த நோவுன்னு அவங்க காதுல வுழுந்தா இன்னா ஆவும்? ஒட்டுவாரொட்டின்னுவாங்க. அதுக்காவத்தான் ஜொரம்னேன்."

"தெரியும். திட்டணும்னா திட்டு. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவளுக்கு வலிச்சுதா?"

ஆடு பாதித் தழையைத் தின்றுவிட்டது.

"கடைசியில வலிச்சுது. தெருவுக்குக் கேக்கக்கூடாதுன்னு தலைகாணியக் கடிச்சுகினு கெடந்தா."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒரு வருசம் ஒண்ணுமே இல்ல. கட்டின்னு எங்கிட்ட காட்டினா. வலிக்குதான்னேன். இல்லன்னா. வலிக்கலன்னா வுட்டுத் தள்ளுன்னேன்."

"இத நான் கெங்கம்மாகிட்ட சொல்லலாமா?"

"வாணாம்."

ரஹீமுன்னிசா தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். சந்து முனைக்குப் போவதற்குள் பஷீர் பின்னாலேயே வந்தார்.

"நீ சொல்லாத. உன் வேல அது இல்ல. நான் சொல்றேன்."

மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவர் கிடங்கு வாசலில் வந்து நின்றார். தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கெங்கம்மாவைப் பார்க்காமல் ஒரு கோணி மூட்டையைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, மரியமுக்கும் மொதல்ல வலிக்கல. வலி வந்தப்போ லேடி டாக்டர்கிட்ட இட்டுகினு போனேன். வலி வரதுக்கு முன்னாடியே கொண்டாந்திருக்கணும்னாங்க. எம்பொண்ணு கல்யாணம் முடியிற வரைக்கும் இத வெளிய சொல்லாத. அவ்ளோதான்."

வந்த மாதிரியே போய்விட்டார். கெங்கம்மா சோற்றைத் தொடாமல் தூக்குச்சட்டியை மூடி வைத்தாள். "பாயம்மா, நாளைக்குக் காலைல வரியா?" என்றாள்.

ராயபுரத்துக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் பக்கத்திலிருந்த அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுதான். நடந்தே போனார்கள். பெண்கள் வரிசையில் நின்று உள்ளே போனதும் டாக்டரம்மாள் பரிசோதித்தார். பிறகு ரஹீமுன்னிசாவைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"பக்கத்துல உக்காந்து கோணி தைக்கறேன்."

"செத்தவங்களக் குளிப்பாட்றவங்கம்மா," என்றாள் கெங்கம்மா. "இவங்கதான் கண்டுபுடிச்சாங்க."

டாக்டரம்மாள் பேனாவைக் கீழே வைத்து ரஹீமுன்னிசாவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பெரிய டாக்டரை அழைத்துவந்தார். புற்று மாதிரி தெரிகிறது, அறுத்துச் சோதித்தால்தான் உறுதி. ஆனால் அக்குளில் ஒன்றும் தட்டுப்படவில்லை, இந்த நிலையில் எடுத்துவிட்டால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

கையெழுத்துப் போட வந்த கணவன் குணசேகரன் பேனாவை வாங்கிக்கொண்டு, "ஆடி மாசத்துல கத்தி வெக்கலாமா?" என்றான்.

"கட்டிக்கு ஆடியும் ஆவணியும் தெரியுமாய்யா?" என்றாள் கெங்கம்மா. "போடு."

போட்டான். சோதனையில் புற்று என்றே வந்தது. அறுவை நடந்தது. அதற்குப் பிறகு கரண்ட் வைக்கிறோம், அதாவது கதிர் பாய்ச்சுகிறோம், என்று பல வாரம் வரச்சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ரஹீமுன்னிசா கூடப் போனாள். வார்டில் மற்ற நோயாளிகளின் வீட்டார் அவள் யார் என்று கேட்டால், கோணி தைக்கிறவள் என்று மட்டும் சொல்லும்படி கெங்கம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

கார்த்திகையில் கெங்கம்மா கிடங்குக்குத் திரும்பினாள். கை பழையபடி மேலே எழும்பவில்லை. தைத்த கோணிகளை அடுக்கும் இடத்துக்கு மேஸ்திரி துரை அவளை மாற்றினார். மரியம் பெயரை அவள் எடுக்கவே இல்லை. தன் கதையைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால் அதைப் பெண்கள் வரிசைக்கு உரக்கவே சொன்னாள். கேட்டவர்களுக்குத் தழும்பையும் காட்டினாள். அந்த நேரங்களில் மேஸ்திரி வெளியே போய்க் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

தை பிறப்பதற்குள், வரிசையின் கடைசியில் உட்காரும் வரலட்சுமி ரஹீமுன்னிசாவை மூட்டைக்குப் பின்னால் கூப்பிட்டாள். அவளுக்கும் ஒரு கட்டி. ரஹீமுன்னிசா தொட்டுப் பார்த்தாள். இது நகர்ந்தது. எனக்குச் சொல்லத் தெரியாது, ஆஸ்பத்திரியில்தான் சொல்வார்கள் என்று அனுப்பிவைத்தாள்.

வரலட்சுமி மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தாள். ஊசியை எடுத்தபடியே ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்லியாம்! சும்மா கொழுப்புக் கட்டியாம்! அதச் சொல்றதுக்கு அர நாள் நிக்க வெச்சு கால ஒடச்சுட்டாங்க. எல்லாம் இந்தக் கெங்கம்மா பேச்சக் கேட்டு. பேஜாரு!"

கெங்கம்மா அடுக்கிக்கொண்டிருந்த கோணியிலிருந்து நிமிர்ந்தாள். "திட்டு, நல்லா திட்டு," என்றாள்.

பொழுது சாய்ந்து மணி அடிக்கிற வரைக்கும் வரலட்சுமி திட்டினாள். ரஹீமுன்னிசா கேட்டுக்கொண்டே தைத்தாள்.