நடை வேகம்

சகாதேவனின் ஜீப்பைக் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வேங்கிக்கால் பக்கம் சாலையோரம் நிற்கும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வண்டி கிடைக்காமல் ஜனங்கள் தவிக்கும்போதுகூட, விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் அதில் ஏற மாட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் கீழே ஆஸ்பத்திரியில் இறந்துபோனால், உடலை வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி அது. மற்ற வேன்கள் தார்ச்சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு மேல் கல்லும் ஓடையும்தான்.

இந்த வேலையை அவர் தேடிப் போகவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மலைக்கு மளிகைச் சாமான் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் தார்ச்சாலை முடிவில், பாயில் சுற்றிய உடலோடு ஒரு குடும்பம் வெயிலில் உட்கார்ந்திருந்தது. மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டார். அதன்பின் ஆளனுப்பிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு ஐப்பசி மழையில் ஜீப் ஏற்றத்தில் வழுக்கி நின்றுவிட்டது. உறவுக்காரர்கள் உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். சகாதேவன் வண்டி பக்கத்திலேயே நின்றார். அவமானமாக இருந்தது.

செங்கம் சாலையில் பட்டறை வைத்திருந்த கோபியிடம் போனார். காட்டுப் பாதையில் ஆசைக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜீப்பை மாற்றிக் கொடுப்பவன் கோபி. நாலு இஞ்ச் உயரம் தூக்கி, பெரிய டயர் போட்டால் எந்தக் கல்லும் அடியில் தட்டாது என்றான். டயர் பெரிதானால் கியரையும் மாற்ற வேண்டும் என்று அவன் சொன்னதை, அப்புறம் பார்க்கலாம் என்று இவர் தள்ளிப்போட்டார்.

அந்த உயரத்தோடு போன முதல் பயணம் கன்னியம்மாளின் மகனுக்காக. எழில் என்று பெயர். காய்ச்சலில் போனவன், மீசை அரும்பிய வயது. உடலைத் தோளுக்கு மேல் தூக்கித்தான் உள்ளே வைக்க முடிந்தது. மகன் பக்கத்தில் உட்கார வந்த கன்னியம்மாளுக்குக் கால் எட்டவில்லை. தூக்கி ஏற்ற வந்த ஆண்களின் கையை அவள் விலக்கினாள்.

“புள்ள முன்னால போவட்டும். நான் நடந்து வரேன்,” என்றாள்.

அவளுக்காக மெதுவாகப் போகப் பார்த்தார் சகாதேவன். வேகம் குறைந்தால் இஞ்சின் அணைந்தது. அழுத்தினால் வண்டி ஓடிப்போய் முன்னால் நின்றது. ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தார். அவள் மூச்சிரைக்க வந்து சேரும்போது வண்டி மறுபடி கிளம்பிவிடும். உயரத்தால் அது இரண்டு பக்கமும் ஆடியது. உள்ளே பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் உடல் உருண்டது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கன்னியம்மாள் நேரே அவரிடம் வந்தாள்.

“அவன் தலைய யாராவது புடிச்சிக்கினு வந்தீங்களா?”



மறுநாள் சகாதேவன் கோபியிடம், உயரத்தை இறக்கச் சொன்னார். ஆசையாகப் போட்டதை யாராவது கழற்றுவார்களா என்று கேட்டவன், நடந்ததைக் கேட்டபின் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இன்னா வேணும்னு சொல்லுங்கண்ணா.”

“ஏத்தத்துல ஒரு பொம்பள நடக்கிற வேகத்துல போவணும். அணையக் கூடாது.”

ரோட்டில் வேகம் ரொம்பக் கம்மியாகிவிடும் என்றான் கோபி. பரவாயில்லை என்றார். ஓடைக் கல்லுக்குத் தேவையான உயரத்தை மட்டும் விட்டு, மிச்சத்தை இறக்கினார்கள். சேற்றைப் பிடிக்கிற, ஆனால் பழைய டயரைவிடக் கொஞ்சமே பெரிய டயர் போட்டார்கள். வேகம் குறைந்து இழுவை கூடும்படி, முன்னும் பின்னும் அச்சில் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரங்களை மாற்றினார்கள். பின்பக்கம் தாழ்வாக ஒரு படியும் கைப்பிடியும் வைத்தார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு கல் சரிவுக்குப் போனபோது, கோபி பின்னால் ஏறினான். உடல் வைக்கிற இடத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். சகாதேவன் வேண்டாம் என்றதை அவன் கேட்கவில்லை. மேலே போய் நின்றதும் பின்தலையைத் தடவியபடி எழுந்தான்.

“ஸ்பிரிங் பட்டையில இன்னும் ஒண்ணு கழட்டணும்ணா. தலை தட்டுது,” என்றான்.

இப்போது செங்கம் சாலையில் எல்லா வண்டியும் அந்த ஜீப்பை முந்திப் போகிறது. மலையில் அது உறுமிக்கொண்டே நடக்கிறது. முடிந்தவர்கள் உள்ளே உட்காருகிறார்கள். மற்றவர்கள் பின்னாலேயே வருகிறார்கள். போன புரட்டாசியில் ஒரு பெரியவர், மனைவியின் பாதத்தில் கை வைத்தபடியே ஊர்வரை நடந்து வந்தார். வழியெல்லாம் அவளோடு மெல்லப் பேசிக்கொண்டு வந்தார். சகாதேவன் கண்ணாடியைப் பார்க்காமல் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினார். அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்து வரும்வரை இருந்து, அதன்பிறகுதான் காலி வண்டியோடு இறங்கினார்.